நாலு பேருக்குப் பால் கொடுத்தவர்

பாரிவாக்கத்துக்கு நாங்கள் குடிவந்த அன்று, வண்டியிலிருந்து பீரோவை இறக்கிக்கொண்டிருந்தபோது, மின்சார மீட்டர்களுக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்பார் என நினைத்துப் போனேன். எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். இல்லை என்றேன். கல்யாணமாகி எத்தனை வருஷம் என்றார். ஏழு என்றேன். பீரோவைத் தோளில் வைத்திருந்த நான்கு பேரும் படியேறாமல் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். வயசுக்கு வந்தது எத்தனை வயதில் என்று அவர் அடுத்துக் கேட்டபோதுதான், அந்த நால்வரில் பெரியவர் கொஞ்சம் வெட்கப்பட்டு, "தூக்குங்கப்பா" என்றார்.

பன்னிரண்டு வீடுகள் கொண்ட குடியிருப்பு அது. லிஃப்ட் கிடையாது. அவர் வீடு தரைத்தளத்தில், கேட்டைத் திறந்ததும் முதலாவது. கதவில் ஜி-1 என்று எழுதியிருக்கும். அதனால் எங்களுக்கெல்லாம் அவர் ஜி-ஒன் அக்கா. ஐ.டி. வேலைக்குப் போகும் இளசுகளுக்கு ஜி-ஒன் ஆன்ட்டி. சொந்தப் பெயர் கரண்டு பில்லில்கூட இல்லை. அது கணவர் பெயரில் வந்தது. கணவர் ஆவடியில் ராணுவத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷம் குவார்ட்டர்ஸில் இருந்துவிட்டு, ஓய்வுக்குப் பிறகு இந்த வீட்டை வாங்கி வந்தார்கள். இயந்திரச் சத்தத்தில் அவருக்குக் காது மந்தமாகிவிட்டிருந்தது. அந்த அம்மாவோடு மீதிக் காலத்தை வாழ்வதற்குத் தொழிற்சாலை செய்து அனுப்பிய ஏற்பாடு அது என்று மாடி வீடுகளில் பேசிக்கொள்வோம்.

அக்காவுக்கு எங்கள் குடியிருப்பின் பெண்கள் அத்தனை பேருடைய உடம்பும் மனப்பாடம். யாருக்கு எத்தனை பிரசவம், எது அறுவை, எது சுகம், யாருக்கு எத்தனை மாதம் பால் இருந்தது, யார் எப்போது நிறுத்தினாள், யாருக்கு நாள் தள்ளிப்போகிறது, எல்லாம் தெரியும். வீட்டு எண்கள் அவருக்கு நினைவில் நிற்காது. கூரியர்காரர் வந்து எஸ்-ஒன் எங்கே என்று கேட்டால், "ஆறு மாசத்துல பால நிறுத்துச்சே, அந்தப் பொண்ணு ஊடு. ரெண்டாவது மாடி" என்று வழி சொல்வார். எஃப்-த்ரீ, ரெண்டு சிசேரியன் ஊடு. எங்கள் வீடு எஸ்-டூ. அது இன்னும் ஒண்ணியும் இல்லாத ஊடு. கேஸ் கொண்டுவருபவர் ஒரு நாள் என் வாசலில் சிலிண்டரை இறக்கிவிட்டு, நம்பர் சரிதானா என்றுகூடக் கேட்காமல், என் வயிற்றை ஒருமுறை பார்த்துவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

தன் கணக்கை அவர் யாரும் கேட்காமலே சொல்வார். நாலு பிள்ளை. நாலும் சுகப்பிரசவம். ஒவ்வொன்றுக்கும் ரெண்டு வருஷம் தாய்ப்பால். மொத்தம் எட்டு வருஷம். கணவரின் முப்பத்தாறு வருஷ சர்வீஸைப் பற்றிப் பேச்சு வந்தால் இந்த எட்டு வருஷத்தை அதற்கு மேலே வைப்பார். தனக்குச் சர்க்கரை இல்லாததற்கும், மூட்டு வலி ஒரு காலில் மட்டும் இருப்பதற்கும், கொரோனா வந்து மூன்று நாளில் போனதற்கும் காரணம் அந்த எட்டு வருஷம்தான்.

அடுத்த தெருவில் ஒரு டீச்சரம்மா இருந்தார். கல்யாணம் செய்துகொள்ளாதவர். மார்பகப் புற்றுநோயில் இறந்துபோனார். துக்கத்துக்குப் போன அக்கா, ஐஸ் பெட்டியின் தலைமாட்டில் நின்று, பயன்படாத மாரு கெட்டுத்தான் போகும், பாலாய் வெளியே வர வேண்டியது உள்ளேயே நின்றால் வேறு என்ன ஆகும் என்று விளக்கம் சொல்லிவிட்டு வந்தார். டீச்சரின் தங்கையும் கல்யாணம் ஆகாதவர்தான். அவர் அப்போது அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

இந்த ஞானத்துக்கு விஞ்ஞானத்தின் கையெழுத்தும் ஒரு நாள் வந்து சேர்ந்தது. பிள்ளை பெற்றுப் பால் கொடுத்த பெண்களின் மார்பில் நோய் எதிர்ப்புச் செல்கள் வந்து தங்கிவிடுகின்றன, பல வருஷங்களுக்குக் காவல்காரர் மாதிரி அங்கேயே இருந்து புற்றுநோயைத் தடுக்கின்றன என்று வாட்சப்பில் ஒரு செய்தி சுற்றியது. அதில் பாதிக்கு மேல் உண்மைதான் என்று பின்னால் ஒரு டாக்டரே எங்களிடம் சொன்னார். ஆனால் பாதி உண்மை ஜி-ஒன் அக்காவின் கையில் கிடைத்தால் என்ன நடக்கும் என்பதை நாங்கள் அதற்கு முன்பே முழுதாக அனுபவித்துவிட்டோம்.

முதலில் குடியிருப்புக் குழுவில் அனுப்பினார். மறுநாள் காலையில் கேட்டருகே ஒவ்வொருத்தியையும் நிறுத்திப் படித்தாயா என்று விசாரித்தார். அதுவும் போதவில்லை. பூந்தமல்லிக்குப் போய் அதைத் தாளில் அச்சடித்து வந்து, மீட்டர் போர்டில், தண்ணீர் லாரி வரும் நேரம் எழுதிய தாளுக்குப் பக்கத்தில் ஒட்டினார். அன்றிலிருந்து அவருக்கு எட்டு வருஷக் காவல். மற்றவர்களுக்கு அவரவர் தகுதிக்கேற்ப. எஃப்-டூ வீட்டுப் பெண் ஐந்து மாதக் குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு அம்பத்தூரில் ஒரு ஐ.டி. கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தாள். குழந்தைக்குப் பகலில் டப்பாப் பால். அந்தப் பெண்ணைப் படியில் மறித்து, வீட்டைத் திறந்து போட்டுவிட்டு ஊருக்குப் போவது போல இருக்கிறாய் என்று அக்கா சொன்னார். அவள் கம்பெனி வேனில் ஏறி உட்கார்ந்து அழுதாள். வேன் கண்ணாடி வழியாக எல்லோரும் பார்த்தோம்.

என்னைப் பார்த்து அவ்வளவு நீளமாகப் பேச வேண்டியிருக்கவில்லை. தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு ஏழெட்டுப் பேர் நின்றிருந்தபோது, "உன்க்கு வாட்ச்மேனே போடலியேம்மா" என்றார். சிலர் சிரித்தார்கள். ஒருத்தி சிரிக்காமலிருக்கக் குனிந்து குழாயைச் சரிசெய்தாள்.

எனக்கு இரண்டு முறை தங்கியது. இரண்டு முறையும் மூன்றாம் மாதம் முடிவதற்குள் போய்விட்டது. என் கணவருக்கும் கரூரில் என் அம்மாவுக்கும் தவிர வேறு யாருக்கும் அது தெரியாது. அதை இவர் வாயில் போடுவதைவிட ஒன்றுமே ஆகாதவள் என்ற பெயரோடு இருந்துவிடலாம் என்று முடிவு செய்திருந்தேன். திருமழிசையில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை எனக்கு. காலையில் பஸ்ஸில் போகும்போது அக்காவுக்குச் சொல்ல வேண்டிய பதில்களை ஒவ்வொன்றாகத் தயார் செய்வேன். தொழிற்பேட்டை வாசலில் இறங்கும்போது எல்லாம் அருமையாக, கூர்மையாக இருக்கும். மாலையில் கேட்டைத் திறக்கும்போது ஒன்றுகூட வாயில் வராது.

அந்த வருஷம் அக்கா இன்னொரு விஷயத்துக்காகவும் எங்கள் வாயில் விழுந்தார். தினம் சாயங்காலம் பூக்காரியிடம் இரண்டு முழம் மல்லி வாங்குவார். தலையில் ஒரு பூவைக் காணோம். சாமி படத்திலும் இல்லை. அறுபதை நெருங்கும் வயதில் காது கேட்காத கணவரோடு இது என்ன புது அத்தியாயம் என்று மொட்டை மாடியில் துணி எடுக்கும்போது பேசிச் சிரிப்போம். நானும் சிரித்தேன். அதிகமாகச் சிரித்தது நான்தான் என்றும் சொல்லலாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். நாங்கள் குடிவந்த இரண்டு வருஷத்தில் அவர் மாடி ஏறியது அன்றுதான். என் கணவர் கறி வாங்கப் போயிருந்தார். அக்கா உள்ளே வந்து கதவைத் தானே தாழிட்டார். சோபாவில் உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டு, வலது பக்கம் பால் கட்டிக்கொண்டிருக்கிறது என்றார். நான் அவருடைய கடைசிப் பிள்ளையின் வயதை யோசித்துப் பார்த்தேன். இருபத்தாறு.

ரவிக்கையைத் தளர்த்திக் காட்டினார். உள்ளே வாடிய மல்லிப்பூ சதையோடு ஒட்டிக்கிடந்தது. பால் வற்றுவதற்குப் பூவை வைத்துக் கட்டுவார்கள். எங்கள் ஊரிலும் செய்வார்கள். அவர் எட்டு மாதமாகக் கட்டிக்கொண்டிருந்தார். பூவை விலக்கியபோது தோல் ஒரு இடத்தில் உள்வாங்கி, ஆரஞ்சுத் தோல் மாதிரி குழிகுழியாக இருந்தது. தொட்டுப் பார்க்கச் சொன்னார். தொட்டேன். கம்பெனியில் ஒரு நாளைக்கு எத்தனையோ பாகங்களைத் தடவிப் பார்த்து நல்லது கெட்டது பிரிக்கும் கை இது. அதற்கு அன்று ஒரு சந்தேகமும் இருக்கவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றேன். அதற்குத்தான் வந்தேன் என்றார். பிள்ளைகளிடம் சொன்னீர்களா என்றால் இல்லை. மருமகள்களுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று நான் நினைத்துப் பார்த்தேன். அவர்களுக்கும் இதே பாடம்தான் நடந்திருக்கும். கணவரிடம் கத்திச் சொன்னால் தெருவுக்கே கேட்கும். சரி, பன்னிரண்டு வீட்டில் என்னை எதற்குத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேட்டேன்.

"நீ என்னிக்காச்சும் போவ வேண்டிய எடம்தானே," என்றார். "இப்பவே வயி தெரிஞ்சிக்கோ."

அதைக் கேட்ட பிறகும் நான் ஒரு நாள் லீவு போட்டுக்கொண்டு அவரோடு போனேன் என்பதை என்னால் இன்றுவரை யாருக்கும் சரியாக விளக்க முடியவில்லை.

நகரத்துக்குள் ஒரு பெரிய மருத்துவமனை. பூந்தமல்லியிலிருந்து பஸ். முதல் நாள் ஊசி போட்டுச் சதை எடுத்தார்கள். படம் எடுத்தார்கள். முடிவுக்குப் போன நாளில் ஒரு இளம் பெண் டாக்டர் எங்களை உட்காரவைத்து, புற்றுநோய்தான் என்று மெதுவாகச் சொன்னார். அக்கா சரி என்றார். காய்கறிக்காரர் விலை சொன்னால் சொல்வாரே, அந்த மாதிரி ஒரு சரி. பிறகு டாக்டர் ஒரு படிவத்தை எடுத்து, சில கேள்விகள் கேட்க வேண்டும் என்றார். எத்தனை வயதில் வயசுக்கு வந்தீர்கள்?

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டார். எத்தனையோ வருஷமாக ஊரைக் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி. கடைசியில் படித்த ஒருத்தி, கோட்டுப் போட்டுக்கொண்டு, இவரைக் கேட்கிறாள். பதினாலு. கல்யாணம் பத்தொன்பது. முதல் குழந்தை இருபது. நாலு. நாலும் சுகப்பிரசவம். கருக்கலைப்பு இல்லை. தீட்டு நின்றது ஐம்பத்தொன்றில். டாக்டரின் பேனா முடிக்கும் முன்பே அடுத்த பதில் தயாராக இருந்தது.

ஒவ்வொரு குழந்தைக்கும் எத்தனை மாதம் தாய்ப்பால் கொடுத்தீர்கள் என்று டாக்டர் கேட்டார்.

அக்கா என் பக்கம் திரும்பி, தாகமாக இருக்கிறது, தண்ணீர் பிடித்துக்கொண்டு வா என்றார். என் பாட்டில் நிரம்பியிருந்தது. எடுத்துக்கொண்டு வெளியே போனேன். அறைக்குக் கதவு இல்லை, பச்சைத் திரை. திரைக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

முதல் பையனுக்கு இருபது நாள் என்றார். அதற்கு மேல் சுரக்கவில்லை. இரண்டாவது பெண்ணுக்கு ஒரு மாதம். டப்பாப் பால்தான். மாமியாருக்குத் தெரிந்தால் குடும்பத்தையே கூட்டி வைத்துப் பேசியிருப்பார் என்பதால், கணவர் ஷிஃப்ட் முடிந்து வரும்போது சாப்பாட்டுப் பைக்குள் டப்பாவை மறைத்துக் கொண்டுவருவார். இவர் அதை அரிசி மூட்டைக்குள் புதைத்துவைப்பார். குழந்தையை முந்தானைக்குள் போட்டு மூடிக்கொண்டு உள்ளே பாட்டிலைக் கொடுப்பார். மூன்றாவதுக்கு ஏழு மாதம் வந்தது. கடைசிப் பையனுக்கு ஒரு வருஷமும் கொஞ்சமும். நான் திரைக்கு வெளியே விரல் விட்டுக் கூட்டிப் பார்த்தேன். எட்டு வருஷம் இரண்டு வருஷத்துக்குக்கூட வரவில்லை.

பிறகு அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார். அவ்வளவு தாழ்ந்த குரல் அவரிடம் இருந்ததே எனக்கு அன்றுதான் தெரியும்.

"அந்த ரெண்டு பசங்களுக்கும் ஒயுங்கா குட்திருந்தா இது வந்திருக்காதா, டாக்டர்?"

"அப்படி யாராலயும் சொல்ல முடியாதும்மா," என்றார் டாக்டர். "பிள்ளை பெத்தா, பால் கொடுத்தா ஆபத்து குறையும். அவ்வளவுதான். இல்லாமலே போயிடாது. வருஷக்கணக்கா கொடுத்தவங்களும் இங்க வர்றாங்க. கொடுக்காதவங்க எத்தனையோ பேருக்கு வர்றதே இல்ல."

அக்கா விடவில்லை. வாட்சப் செய்தியை எடுத்துச் சொன்னார். எதிர்ப்புச் செல்கள் தங்குவது உண்மைதான் என்றும், அவை எல்லாவற்றையும் பிடித்துவிடும் என்று நம்பிச் சும்மா இருக்கக் கூடாது என்றும், புற்றுநோய்க்கு அவற்றை ஏமாற்றத் தெரியும் என்றும் டாக்டர் சொன்னார். கடைசியாக, கட்டி தெரிந்த அன்றே வந்திருக்கலாம் என்றார். நான் தண்ணீரோடு உள்ளே போனேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு அவர்மேல் பரிதாபம் பொங்கியது என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். பொங்கவில்லை. சந்தோஷமாக இருந்தது. குமணன்சாவடி வரை வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டு சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்தேன். புற்றுநோய் வந்த ஒருத்தியின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு.

இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள் மொட்டை மாடியில் எஃப்-டூ பெண்ணிடம் சொன்னேன். இருபது நாள் என்றதும் அவள் துணிக் கொடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அரிசி மூட்டை என்றதும் கீழே உட்கார்ந்துவிட்டாள். யாரிடமும் சொல்லாதே என்றேன். சொல்வாள் என்று தெரிந்துதான் சொன்னேன். வாரக் கடைசிக்குள் பதினொரு வீட்டுக்கும் போய்விட்டது. ஒரு நாள் காலையில் மீட்டர்களுக்குக் கீழே அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு காலி பால் டப்பா உட்கார்ந்திருந்தது. யார் வைத்தது என்று எனக்குத் தெரியாது. என் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா வெளியே வந்தார். டப்பாவை எடுத்தார். மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். கழுத்தை உயர்த்தி மாடி மாடியாக ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே கொண்டுபோனார். அடுத்த வாரம் நான் அவர் வீட்டுச் சமையலறைக்குப் போனபோது அதில் மிளகாய்த்தூள் இருந்தது.

யார் சொல்லியிருப்பார்கள் என்பதை அவர் துப்பறிய வேண்டியதில்லை. ஆனாலும் கீமோவுக்குப் போகும் முதல் நாள் என்னைத்தான் கூப்பிட்டார். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் அவரே பேச்சை எடுத்தார். அன்றைக்கு உன் பாட்டில் நிறைய தண்ணீர் இருந்தது, வெளியே போனால் உன் காது எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியாதா என்றார். பிறகு ஏன் சொன்னீர்கள் என்று கேட்டேன். டாக்டர் கேட்டாள், பொய் சொன்னால் மருந்தை மாற்றிக் கொடுத்துவிட்டால் என்ன செய்வது என்றார். நான் மன்னிப்பு மாதிரி எதையோ முனகினேன். அவர் கையை வீசி நிறுத்தினார்.

"நான் உன்ன எல்லாரு எதுர்லயும் கேட்டேன். நீ ஒருத்தியாண்டதான் சொன்ன. உட்டுத் தள்ளு."

மார்பை எடுத்தார்கள். முடி கொட்டியது. பிள்ளைகள் நால்வருக்கும் சொல்லியாக வேண்டியிருந்தது. முறைவைத்து வந்தார்கள், மருமகள்கள் கஞ்சி வைத்துக் கொடுத்தார்கள், ஒன்றும் கேட்கவில்லை. நான்கைந்து மாதத்தில் அக்கா தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு மறுபடி மீட்டர்களுக்குக் கீழே வந்து உட்கார்ந்தார். திருந்திவிட்டார் என்று நினைத்தோம். பழைய தாளைக் கிழித்துவிட்டு, மாதத்துக்கு ஒருமுறை மார்பைத் தடவிப் பார்ப்பது எப்படி என்று படம் போட்ட தாளை ஒட்டினார். முன்பு எத்தனை மாதம் கொடுத்தாய் என்று கேட்டவர், இப்போது தடவிப் பார்த்தாயா என்று கேட்டார். அதே இடம். அதே குரல். ஆபீசுக்குக் கிளம்பும் ஆண்கள் பைக்கைத் தள்ளிக்கொண்டு, ஸ்டார்ட் செய்யாமல், பின் கேட் வழியாகப் போக ஆரம்பித்தார்கள்.

பூந்தமல்லியில் ஒரு கல்யாண மண்டபத்தில் இலவசப் பரிசோதனை முகாம் போட்டார்கள். அக்கா குடியிருப்பில் முப்பத்தைந்து தாண்டிய பெண்களையெல்லாம் இரண்டு ஷேர் ஆட்டோவில் ஏற்றினார். நான் வேலை இருக்கிறது என்றேன். என் செருப்பை எடுத்துக் கீழே கொண்டுபோய் ஆட்டோவில் வைத்துவிட்டார். செருப்புக்காகப் போய் ஏறினேன்.

மண்டபத்தில் வரிசையாக நாற்காலி. ஒரு சின்னப் பெண் படிவத்தோடு உட்கார்ந்து, மைக் இல்லாத குறையைக் குரலில் தீர்த்துக்கொண்டிருந்தாள். என் முறை வந்தது. அக்கா என் பின்னாலேயே நின்றார்.

குழந்தைகள்? இல்லை. கர்ப்பமே ஆகலையா? நான் படிவத்தைப் பார்த்தேன். பொய் சொன்னால் என்ன என்று தோன்றியது. பிறகு, அக்காவே டாக்டரிடம் பொய் சொல்லவில்லை என்பது நினைவுக்கு வந்து எரிச்சலாக இருந்தது.

"ரெண்டு தடவை. ரெண்டும் நிக்கல," என்றேன்.

குடியிருப்பின் அத்தனை உடம்புகளையும் மனப்பாடம் செய்திருந்தவருக்குத் தெரியாத இரண்டு வரி. அந்தப் பெண் பேனாவை எடுத்துக்கொண்டு, ரெண்டு அபார்ஷனா, எத்தனாவது மாசம், தானாப் போச்சா கலைச்சீங்களா என்று மண்டபத்தின் கடைசி நாற்காலிக்கும் கேட்கும்படி கேட்டாள்.

"ஏம்மா, மெதுவாக் கேளு," என்றார் அக்கா. "அத்த இன்னாத்துக்கு ஊருக்கே கேக்குறா மாதிரி கேக்குற?"

நான் திரும்பி அவரைப் பார்த்தேன். அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எஃப்-டூ பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். யாருக்கும் அங்கே சிரிக்கத் தைரியமில்லை. எனக்குப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். வருஷா வருஷம் வரச் சொன்னார்கள். திரும்பும்போது ஆட்டோவில் அக்கா என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். எத்தனையாவது மாதம் என்று கேட்பார் எனக் காத்திருந்தேன். பாரிவாக்கம் வந்தது. இறங்கினோம். கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை. என்னைப் பற்றி அவர் கேட்காமல் விட்ட ஒரே விஷயம் அதுதான்.

ஒன்றரை வருஷம் நன்றாக இருந்தார். பிறகு இருமல் வந்தது. நுரையீரலுக்குப் போய்விட்டது என்றார்கள். பூ வைத்துக் கட்டிய அந்த எட்டு மாதத்தை யாரும் வாய்விட்டுக் குறிப்பிடவில்லை. எல்லோரும் மனதுக்குள் எண்ணிப் பார்த்தோம். ஒரு மார்கழி மாதக் காலையில் இறந்துபோனார்.

வண்டி நிறுத்தும் இடத்தைக் காலி செய்து ஐஸ் பெட்டி வைத்திருந்தார்கள். ஆவடியிலிருந்து பழைய குவார்ட்டர்ஸ்காரர்கள் வந்திருந்தார்கள். தலைமாட்டில் கணவர் உட்கார்ந்திருந்தார். வருகிறவர்கள் அவர் காதில் குனிந்து ஏதோ சொன்னார்கள். எதுவும் விழுந்ததாகத் தெரியவில்லை. நாங்கள் குடியிருப்புப் பெண்கள் சுவரோரமாக நின்றிருந்தோம்.

மூத்த மகன்தான் எல்லோரிடமும் பேசிக்கொண்டிருந்தார். நாற்பது வயது, நல்ல உயரம், பெரிய தோள். வந்தவர்களிடமெல்லாம் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். அம்மா தங்கள் நாலு பேருக்கும் ஆளுக்கு ரெண்டு வருஷம் பால் கொடுத்தவர், டப்பாப் பாலைக் கண்ணால் பார்க்கவிட்டதில்லை, அந்த உடம்புக்கே இப்படி வந்துவிட்டதே என்று. குவார்ட்டர்ஸ் பெண்கள் உச்சுக்கொட்டினார்கள். எஃப்-டூ பெண் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, தரையைப் பார்க்க ஆரம்பித்தாள்.

அவர் என்னிடம் வந்தார். ஆஸ்பத்திரிக்கெல்லாம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனது நீங்கள்தானே என்று கையெடுத்துக் கும்பிட்டார். கண் சிவந்திருந்தது.

"உங்ககிட்டயும் சொல்லியிருப்பாங்களே, எங்களுக்குப் பால் கொடுத்ததப் பத்தி?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"டாக்டர்கிட்டயே சொன்னாங்க," என்றேன். "உங்களுக்குத்தான் ரொம்ப நாள் கொடுத்தாங்களாம்."

அந்தப் பெரிய மனிதர் ஐஸ் பெட்டியின் மேல் கவிழ்ந்து அழத் தொடங்கினார். ஆமாம், எங்களிடமும் சொல்லியிருக்கிறார் என்று எங்கள் குடியிருப்புப் பெண்கள் பத்துப் பேரும் தலையாட்டினார்கள்.